அவளிடம் கேட்டதற்கு அவன் சொன்ன பதில்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாசல் காவலாளி முதல் மேலாளர் வரைக்கும் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவன் ‘பொத்தல்’. அதற்கு அவன் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அறுவை சிகிச்சைக்கு டாக்டர்கள் மாட்டிக்கொள்ளும் ரப்பர் கையுறைகள் அங்கே தயாராயின. அவற்றில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவன் வேலை.

ஒரே தடவையில் தயாரான ஒவ்வொரு லாட்டிலிருந்தும் நூற்றிருபத்தைந்து கையுறைகளை உருவி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, கிளிப் போட்டுக் கம்பியில் தொங்கவிட வேண்டும். பால் கட்டிய மடி மாதிரி வரிசையாகத் தொங்கும். இரண்டு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் ஒரு முத்து துளிர்த்தாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. ‘அவசர ஆர்டர்டா, கொஞ்சம் கண்ணை மூடிக்கோ’ என்று யாராவது சொன்னால் போதும், சண்டைக்கு வந்துவிடுவான். ‘மாட்டிக்கிறவன் கைக்கு நீங்களா பொறுப்பு?’ என்று மேலாளரிடமே கேட்டவன் அவன்.

தொழிற்சாலையில் அப்படி. வீட்டுக்கு வந்தால் மனுஷன் வேறொரு ஆளாக ஆகிவிடுவது உலகத்தில் நடக்காததா?

அவனுக்கு இருபத்தெட்டு வயதில் கல்யாணம் ஆயிற்று. பெண் ஒரு மழலையர் பள்ளியில் வேன் ஓட்டினாள். பிள்ளைகளுக்கு ‘வேன் அக்கா’. பதினோரு பிள்ளைகளைக் காலையில் வீடு வீடாக ஏற்றி, மத்தியானம் வீடு வீடாக இறக்குவாள். வண்டியை அவள் பின்னுக்கு எடுக்கிற நேர்த்தியைப் பார்ப்பதற்கென்றே தெருமுனை டீக்கடையில் சிலர் இரண்டாவது டீ சொல்வார்கள். அவனும் தினம் காலையில் மாடி ஜன்னலில் நின்று அவள் கிளம்புவதைப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பான்.

அவளிடம் ஒரு குணம், மறைக்கத் தெரியாது. பெண் பார்த்துப் பேசி முடித்த மறுநாளே அவனுக்குப் போன் செய்தாள்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு வருஷத்துக்கு ஒருதரம் ரெண்டுதரம் ஒரு தலைவலி வரும். வர்றதுக்கு முன்னாடி கண்ணுல வெளிச்சம் கோணல்மாணலா ஓடும். கொஞ்ச நேரத்துக்குப் பாதிப் பக்கம் தெரியாது. அப்புறம் சரியாயிடும். ஸ்கூல்ல ஹெட்மிஸ்கிட்டயும் சொல்லித்தான் வேலையில சேர்ந்தேன். டாக்டர் சீட்டும் குடுத்திருக்கேன். உங்ககிட்ட சொல்லாம கல்யாணம் பண்ணிக்கிட்டா மனசு உறுத்தும்.”

“இதுக்குப் போயா?” என்று சிரித்தான். ஆனால் அன்றைக்கு முழுக்க அவளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைந்தது. ஓட்டை இல்லாத ஒரு ஆள் தனக்குக் கிடைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் வாரம் இருவரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இரண்டு வருஷத்துக்குக் குழந்தை வேண்டாம். அவளுக்குப் பெரிய வண்டி உரிமம் எடுக்க ஆசை. எடுத்துவிட்டால் பள்ளியின் பேருந்தையே அவளிடம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அவனுக்கும் சம்மதம். ஆக, ஒரு சனிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

குடும்ப நலப் பிரிவு ஒரு சின்ன அறை. பச்சைத் திரை, ஒரு மேசை, சுவரில் வயிற்றுக்குள் இருக்கும் சமாச்சாரங்களின் படம். அவன் படத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தான். சிஸ்டர் ஐம்பது வயதுக்காரி, குரல் கணீரென்று இருந்தது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து, துணிக்கடையில் துணி விரித்துப் போடுவது போல் எல்லாவற்றையும் மேசையில் எடுத்துப் போட்டாள்.

“இது காப்பர்-டி. உள்ள வச்சுட்டா வருஷக்கணக்குல கவலை இல்ல. இது ஊசி, மூணு மாசத்துக்கு ஒண்ணு. இது மாத்திரை, தினம் ஒண்ணு. இது...” என்று காகித உறை ஒன்றை அவன் பக்கம் தள்ளினாள். “இது மாப்பிள்ளைக்கு. இலவசம். பக்க விளைவு ஒண்ணும் கிடையாது, வெக்கத்தைத் தவிர.”

அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

“அது வேணாம் சிஸ்டர். நான் ரப்பர்லதான் வேலை பாக்குறேன். ஓட்டை எப்படி எப்படி வரும்னு எனக்குத் தெரியும். நம்ப முடியாது.”

“ஓட்டை இருக்கிறதைத்தான் நீங்களே தூக்கிப் போட்டுடுறீங்களே. அப்புறம் வெளியில வர்றதுல என்ன பயம்?”

நியாயமான கேள்வி. உண்மை என்னவென்றால், அவனுக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நாள் முழுக்க ரப்பர் வாசனை, வீட்டுக்கு வந்தும் ரப்பரா என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி பேசுவதைக் கேட்டிருக்கிறான். கல்யாணமான புதிது வேறு. ஆனால் இதையெல்லாம் மனைவியின் முன்னால், சிஸ்டரின் முன்னால் சொல்ல முடியுமா? அதனால் தொழிலை இழுத்துப் பேசினான்.

காப்பர்-டி வேண்டாம் என்று அவள் கையை ஆட்டினாள். ஊசி என்றாலே பயம். மாத்திரை சரி என்றாள்.

சிஸ்டர் ஒரு தாளை எடுத்து வரிசையாகக் கேட்டாள். ரத்த அழுத்தம் உண்டா? இல்லை. காலில் வீக்கம்? இல்லை. புகை பிடிக்கும் பழக்கம்? அவள் சிரித்தாள். எல்லாவற்றுக்கும் அவள்தான் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“தலைவலி வருமா? முக்கியமா, கண்ணுல வெளிச்சம் தெறிக்கிற மாதிரி, கோடு கோடா ஓடுற மாதிரி வருமா? வந்தா இந்த மாத்திரை ஆகாது.”

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் மேசையின் இந்தப் பக்கம் கிடந்த காகித உறை அவன் கண்ணில் பட்டது. மாத்திரை போனால் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

“அதெல்லாம் இல்லவே இல்ல சிஸ்டர்” என்றான்.

“நான் அவங்களைக் கேட்டேன்.”

“இல்ல சிஸ்டர், எனக்குத் தெரியாதா? அவளுக்கு அப்படி எதுவும் கிடையாது.”

சிஸ்டர் அவளைப் பார்த்தாள். அவள் அவனைப் பார்த்தாள். கல்யாணமாகி இருபது நாள்தான் ஆகியிருந்தது. அந்நிய மனுஷி முன்னால் புருஷன் பேச்சை வெட்டிப் பேச அவளுக்கு நா எழவில்லை. தலையை லேசாக ஆட்டினாள். சிஸ்டர் தாளில் ‘இல்லை’ என்று எழுதினாள்.

படியிறங்கும்போது அவள் மெதுவாகக் கேட்டாள்.

“ஏங்க, எனக்குத் தலைவலி உண்டுன்னு உங்ககிட்ட சொல்லியிருந்தேனே?”

“அவங்க கேட்டது வாராவாரம் வர்றவங்களை. வருஷத்துக்கு ஒண்ணு வர்றதெல்லாம் கணக்குல வராதும்மா.”

“ஓ” என்றாள். நம்பிவிட்டாள். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் தேவைப்பட்டது, அதுவும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தனக்கு இவ்வளவு திறமை இருப்பது அன்றுவரை அவனுக்கே தெரியாது.

உறுத்தலுக்குப் பரிகாரம் தேடுகிறவன் போல, மாத்திரை கொடுக்கும் வேலையை அவனே எடுத்துக்கொண்டான். தினம் காலையில் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி, ஒரு டம்ளர் தண்ணீரோடு கொண்டுவந்து நீட்டுவான். ஒருநாள் மாமியார் வந்திருந்தபோது இதைப் பார்த்துவிட்டார். சத்து மாத்திரை என்று அவராகவே முடிவு செய்துகொண்டு, “என் மாப்பிள்ளை மாதிரி யாருக்கு வாய்க்கும்? கையில மாத்திரை, கையில தண்ணி!” என்று தன் தங்கைகள் மூன்று பேருக்கும் போன் போட்டுச் சொன்னார். அவன் டம்ளரைக் கழுவுகிற சாக்கில் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டான்.

முதல் மாதம் லேசாகக் குமட்டியது, போயிற்று. இரண்டாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “வெளிச்சம் ஓடுதுங்க” என்றாள். ஜன்னலை மூடி, ஈரத்துணி போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அதே வாரம் வியாழக்கிழமை மறுபடி வந்தது.

அன்று அவள் தூங்கிய பிறகு மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்துக் கிடந்த தாளை எடுத்துப் பிரித்தான். குறிப்புத் தாள்களை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிப்பது அவன் தொழில். பொடி எழுத்தில் தெளிவாகவே போட்டிருந்தது. கண்ணில் ஒளிக்கோடுகளோடு தலைவலி வருகிறவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது. சாப்பிடும்போது அப்படி வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூளையில் ரத்தம் உறைய வாய்ப்பு உண்டு.

எழுப்பிச் சொல்லிவிடலாமா என்று நினைத்தான். சொன்னால், ‘அன்னைக்கே தெரிஞ்சுதானே இல்லைன்னு சொன்னீங்க?’ என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். மறுநாள் அது தொழிற்சாலையில் அவனுடைய பூட்டுப் பெட்டிக்குள் போயிற்று. அதற்கப்புறம் பதினைந்து நாள் வெளிச்சம் வரவில்லை. வராததைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். அவளும் அடுத்த தடவை வந்ததைச் சொல்லவில்லை. ‘நீங்க பயந்துடறீங்க, அதான்’ என்று பிற்பாடு சொன்னாள். அட்டையில் மாத்திரை தீரத்தீர அவனே போய்ப் புது அட்டை வாங்கிவந்தான். இதை எழுதுகிற எனக்கே அவனை நாலு அறை விடலாம் போல இருக்கிறது. ஆனால் அவன் கெட்டவன் இல்லை. கோழை. இரண்டுக்கும் விளைவு ஒன்றாக இருக்கும்போது வித்தியாசம் சொல்லி என்ன பயன்?

நான்காம் மாதம், ஒரு மத்தியானம், பிள்ளைகளோடு வரும்போது அவளுக்கு ரோட்டின் இடது பாதி காணாமல் போயிற்று. பதறவில்லை. ஒரு மரச்சாமான் கடை ஓரம் வண்டியை நிறுத்தி, நான்கு விளக்கையும் சிமிட்ட விட்டு, சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டாள். பள்ளிக்குப் போன் செய்தாள். மாற்று டிரைவர் வரும்வரை, ரோட்டில் போகிற சிவப்பு வண்டிகளை எண்ணச் சொல்லிப் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தாள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

மறுநாள் அவளே ஹெட்மிஸிடம் போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டாள். “எனக்கு என்னமோ ஆகுதுங்க. இனிமே நான் ஓட்டுறது தப்பு.”

கண் டாக்டர் கண்ணில் ஒன்றுமில்லை என்றார். அவரிடமும் மாத்திரையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அது சத்து மாத்திரையோடு சேர்த்தி என்கிற அளவுக்கு அவளுக்கும் பழகிப்போயிருந்தது. வீட்டில் உட்கார்ந்து, துடைத்த அலமாரியையே மறுபடி மறுபடி துடைத்தாள். “என் உடம்பே எனக்கு எதிரியாயிடுச்சு பாருங்க” என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். காலை எட்டு மணிக்குக் கீழே ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் கை அப்படியே நின்றுவிடும். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலையிலும் மாத்திரையை நீட்டினான். அதற்கு மறுநாளும்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுக்குக் குறுகுறுப்பெல்லாம் தாண்டிச் சோறு இறங்காமல் போயிருந்தது. அவள் சாவியைக் கொடுத்த பத்தாம் நாள், தொழிற்சாலையில் ஒரு லாட் முழுவதையும் ஓட்டை என்று கழித்து எழுதினான். மேற்பார்வை பார்க்கும் அக்கா கையெழுத்துப் போட வந்தார். தாளைப் பார்த்துவிட்டு அவன் தோளில் தட்டினார்.

“இவ்வளவு நெருக்கடியிலயும் மறைக்காம எழுதுறே பாரு. உன்னை மாதிரி ஒரு யோக்கியனை நான் பார்த்ததில்லடா.”

அந்த வார்த்தை அவன் மேல் கொதிக்கிற எண்ணெய் மாதிரி விழுந்தது. கம்பியில் தொங்கிய கையுறைகளை அப்படியே விட்டுவிட்டு, பூட்டுப் பெட்டியைத் திறந்து தாளை எடுத்துக்கொண்டு, அரை நாள் விடுப்புச் சொல்லி வீட்டுக்கு வந்தான்.

அவள் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் எதிரில் உட்கார்ந்து தாளை விரித்து வைத்தான். எந்த வரி என்று விரலால் காட்டினான். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னான். காகித உறை பிடிக்காமல் போனது, சிஸ்டரிடம் சொன்னது, படியில் சொன்னது, தாளை ஒளித்தது. சொல்லி முடித்துவிட்டுக் குனிந்துகொண்டான். அழுவாள், அடிப்பாள், அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள் என்று எல்லாவற்றுக்கும் வழியெல்லாம் தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தான்.

அவள் தாளை இரண்டு தடவை படித்தாள்.

“இதை எப்போ படிச்சீங்க?”

“ரெண்டாவது மாசம்.”

“நான் வண்டியை நிறுத்தினது நாலாவது மாசம்.”

“ஆமா.”

“அப்போ ரெண்டு மாசம், பதினோரு புள்ளைங்களை ஏத்த நான் கிளம்புறதை நீங்க தெரிஞ்சே ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருந்திருக்கீங்க.”

அதற்கு மட்டும் அவன் தயாராக வரவில்லை. அவளுக்கு என்ன ஆகுமோ என்று ஆயிரம் தடவை பயந்திருக்கிறான். அவள் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

அவள் எழுந்து மாத்திரை அட்டையைப் பையில் போட்டுக்கொண்டாள். “முதல்ல ஆஸ்பத்திரி. அப்புறம் ஸ்கூல். ஹெட்மிஸ்கிட்ட சொல்லணும்.”

“அவங்ககிட்ட எதுக்கு? ஒண்ணும் ஆகலையே.”

“ஆகியிருந்தா மட்டும்தான் சொல்லணுமா?”

ஆஸ்பத்திரியில் அவளே தனியாக உள்ளே போனாள். அவன் வெளியே பெஞ்சில் இருந்தான். சிஸ்டரின் குரல் திரையைத் தாண்டிக் கேட்டது. பெரிய டாக்டரிடம் அழைத்துப்போனார்கள், திரும்பிக் கூட்டிவந்தார்கள். மாத்திரையை அன்றோடு நிறுத்த வேண்டும், அவளுக்கு அதைக் கொடுத்திருக்கவே கூடாது, இதுவரை தப்பியது அதிர்ஷ்டம் என்றார்களாம். வெளியே வந்தவள் ஒரு காகிதப் பையை அவன் மடியில் போட்டாள்.

“இது உங்களுக்கு. இப்போதைக்கு இதுவும் தேவைப்படாது. வீட்டுல வச்சிருங்க.”

பள்ளி விடுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். ஹெட்மிஸ் இருவரையும் உட்காரச் சொன்னார். அவள் மாத்திரையைப் பற்றிச் சொன்னாள், அதனால்தான் வெளிச்சம் அடிக்கடி வந்தது என்று சொன்னாள்.

“தலைவலி இருக்குன்னு ஆஸ்பத்திரியில சொல்லலையா?” என்று ஹெட்மிஸ் கேட்டார்.

“நான்தான் சொல்ல மறந்துட்டேன்” என்றாள்.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். பெண் பார்த்த மறுநாளே போன் போட்டு உண்மை சொன்னவள். அவள் வாயிலிருந்து வந்து அவன் கேட்ட முதல் பொய் அது. அதையும் அவனுக்காகச் சொன்னாள். இத்தனைக்கும் பிறகு, அந்நிய மனுஷி முன்னால் அவனை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஹெட்மிஸின் முகம் மாறிவிட்டது. “இது மறக்கிற விஷயமாம்மா? உன்னை நம்பித்தானே எல்லாரும் புள்ளைங்களை அனுப்பினாங்க? உடம்பு சரியானதும் திரும்பக் கூப்பிடலாம்னு இருந்தேன். இப்போ எப்படி...”

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவன் பெயர் கெடாது. வண்டி மட்டும் போகும், அதுவும் அவளுடைய வண்டி.

“அவ மறக்கல மேடம்” என்றான். “சிஸ்டர் அவளைக் கேட்டாங்க. நான்தான் குறுக்க பூந்து இல்லைன்னு சொன்னேன். தெரிஞ்சே சொன்னேன். மாத்திரைத் தாளையும் படிச்சேன். படிச்சுட்டு ரெண்டு மாசம் ஒளிச்சு வச்சேன். அவளுக்கு இன்னைக்குத்தான் தெரியும்.”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெட்மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு அவளிடம், “மூணு மாசம் கழிச்சு டாக்டர் சீட்டோட வா, பார்ப்போம்” என்றார். அவனிடம், “நீங்க வெளியில நில்லுங்க” என்றார்.

வெளியில் நின்றான். மணி அடித்தது. மாற்று டிரைவர் வேன் கதவைத் திறந்துவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். தினமும் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தவனுக்கு வேனின் கூரைதான் தெரியும். ஒருவனுக்கு முன்பல் இரண்டும் இல்லை. ஒருத்தியின் ஒரு காலில் மட்டும் சாக்ஸ் இருந்தது. ஒருவன் இன்னும் தூங்கிக்கொண்டே நடந்தான். கடைசியாக வந்த குட்டிக்குப் படி எட்டவில்லை. சுற்றிலும் பார்த்தது, பக்கத்தில் நின்ற அவனிடம் இரண்டு கையையும் தூக்கியது.

“தூக்கி விடுங்க அங்கிள்.”

அவன் குனிந்து தூக்கினான். கனமே இல்லை. அது அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, உள்ளே இறக்கிவிடுவதற்காகக் காத்திருந்தது. அவன் உள்ளே உட்கார்ந்திருந்த பிள்ளைகளை எண்ணினான்: பத்து, இதோடு பதினொன்று.